நிலக்காட்சியில் சிறிய மனிதர்கள்: ஓவியர் எட்வேர்ட் லியரின் வாழ்க்கை

ஆங்கில பாடத்தில் ஆந்தையும் பூனையும் பச்சைப் படகில் ஏறிக் கடல் கடந்த பாட்டை நம்மில் பலர் படித்திருப்போம். வள்ளமும் வலையும் பார்த்து வளர்ந்த நுரைச்சோலைப் பிள்ளைகளான நமக்கு, பூனை வள்ளத்தில் ஏறியது பெரிய அதிசயமாகப் படவில்லை. மீன் இருக்கும் இடத்திற்குப் பூனை போகத்தானே செய்யும்! ஆந்தை ஏன் ஏறியது என்பதுதான் வகுப்பில் எழுந்த கேள்வி. பாட்டை எழுதியவர் யார் என்று அன்று நாம் கேட்கவில்லை.

எழுதியவர் எட்வேர்ட் லியர். அவர் தம்மைக் கவிஞராக எண்ணியவர் அல்லர். தொழிலால் அவர் ஓவியர். மையும் நீர்வர்ணமும் கொண்டு நிலக்காட்சிகளையும் அவற்றுக்குள் சிறிய மனித உருவங்களையும் வரைவதே அவரது வாழ்நாள் உழைப்பு. நம் நாட்டுக்கும் வந்து வரைந்து சென்றவர் அவர். இவற்றைவிட நம்மைத் தொட்ட வேறொரு செய்தியும் உண்டு. அதை நாம் வைத்தியத் தொழிலுக்கு வந்த பின்னரே அறிந்துகொண்டோம். சிறு வயது முதல் இறக்கும்வரை அவர் வலிப்பு நோயுடன் வாழ்ந்தார். அதை ஏறத்தாழ எவருக்கும் தெரியாமல் மறைத்தே வாழ்ந்தார். நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தினர் கேட்டபோது இவரை நாம் தெரிந்தெடுத்ததற்கான காரணம் கட்டுரையின் முடிவில் விளங்கும்.

அக்கா வளர்த்த பிள்ளை

1812 மே 12 ஆம் திகதி இலண்டனின் ஹொலோவே பகுதியில் லியர் பிறந்தார். தந்தை பங்குத் தரகர். பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் இருபத்தொருவர். அவர்களுள் பலர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். லியருக்கு நான்கு வயதளவில் தந்தையின் தொழில் நொடித்தது. குடியிருந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கடைசிப் பிள்ளைகளுள் ஒருவரான லியரைத் தாய் தம் மூத்த மகள் ஆனின் கையில் ஒப்படைத்தார். ஆன் தம்பியைவிட இருபத்தொரு வயது மூத்தவர்.

அக்கா கையில் வளர்ந்த பிள்ளைகளை நம் ஊரில் நாம் நன்கு அறிவோம். தாயிடம் இல்லாத உரிமை அவர்களுக்கு அக்காவிடம் இருக்கும். தாய் தங்களைக் கைவிட்டாள் என்ற வலியும் உள்ளே இருக்கும். லியரிடம் இரண்டும் இருந்தன. ஆன் திருமணம் செய்துகொள்ளவில்லை. எழுத்தும் சித்திரமும் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே. பூவையும் பறவையையும் பார்த்து வரையும் பழக்கம் அந்த வீட்டில்தான் தொடங்கியது. பிற்காலத்தில் எந்தத் தேசத்தில் இருந்தாலும் லியர் அக்காவுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். 1861 இல் ஆன் இறக்கும்வரை அது நிற்கவில்லை.

ஐந்தாறு வயதில் முதல் வலிப்பு வந்தது. அதனுடன் இழுப்பும் மார்புச்சளியும், பலவீனமான கண்களும், அடிக்கடி வந்து மூடிக்கொள்ளும் மனச்சோர்வும் சேர்ந்துகொண்டன. பள்ளிக்கூடம் அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை.

கிளிகளின் ஓவியர்

பதினைந்து பதினாறு வயதில் தம் வயிற்றுப்பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை லியருக்கு வந்தது. சிறு படங்கள் வரைந்து விற்றார். வைத்தியசாலைகளுக்கும் வைத்தியர்களுக்கும் நோயுற்ற உறுப்புகளைப் படமாக வரைந்து கொடுத்தார். புகைப்படம் இல்லாத காலம் அது. புண்ணையும் கட்டியையும் மாணவர்களுக்குக் காட்டவேண்டுமானால் ஓவியரின் கை வேண்டும். தம் நோயை ஒளித்து வைத்திருந்த ஒரு பையன் பிறருடைய நோய்களை உற்றுப் பார்த்து வரைந்து பிழைத்தான் என்பதை வாசித்த அன்று நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம்.

1830 இல், பதினெட்டு வயதில், இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் கிளிகளை வரைய அனுமதி பெற்றார். பாடம் செய்த பறவைகளைப் பார்த்து வரைவதே அந்நாளைய வழக்கம். லியரோ உயிருள்ள கிளிகளின் முன் அமர்ந்தார். இறகின் அளவையும் அலகின் வளைவையும் அளந்து குறித்துக்கொண்டார். அச்சுக் கல்லின்மேல் தாமே வரைந்தார். 1832 வரை 42 படங்கள் வெளிவந்தன. 175 பிரதிகளே அச்சிடப்பட்டன. பணம் தீர்ந்ததால் வேலை பாதியில் நின்றது. ஆயினும் பறவை ஓவியங்களில் அதற்கு இணையானவை மிகச் சிலவே என்று இன்றும் கருதப்படுகிறது. பிரேசில் நாட்டின் நீலநிறப் பெருங்கிளி ஒன்று லியரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அந்தப் படங்களைப் பார்த்த ஸ்டான்லி பிரபு தம் மாளிகையான நோஸ்லிக்கு அவரை அழைத்தார். லிவர்பூலுக்கு அருகிலிருந்த அந்த மாளிகைத் தோட்டத்தில் பல நாட்டு விலங்குகளும் பறவைகளும் இருந்தன. பகலில் அவற்றை வரைந்தார். மாலையில் வீட்டுப் பிள்ளைகளுக்காக வேடிக்கைப் பாட்டுகளைக் கட்டி, அவற்றுக்குக் கோணல்மாணலான படங்களும் கீறிக் கொடுத்தார். பெரியவர்களின் விருந்தில் வாய் மூடி இருந்த பிள்ளைகள் லியரின் அறையில் உருண்டு சிரித்தனர். அந்தப் பாட்டுகள் 1846 இல் நூலாக வந்தபோது அவர் தம் பெயரைப் போடவில்லை, புனைபெயரில் வெளியிட்டார். அதே ஆண்டில் விக்டோரியா மகாராணிக்குப் பன்னிரண்டு சித்திரப் பாடங்கள் நடத்தினார். நாட்டின் அரசிக்குப் பாடம் சொன்னவரே அந்த வேடிக்கைப் பாட்டுகளையும் எழுதுகிறவர் என்று பலருக்குத் தெரியாது.

மையும் வர்ணமும்

இறகுக்கு இறகு வரைவது அவரது கண்களுக்கு ஒத்துவரவில்லை. இலண்டனின் குளிரும் புகையும் மார்புக்கு ஒத்துவரவில்லை. 1837 இல் உரோமாபுரிக்குப் போனார். அதன்பின் இத்தாலி, கிரேக்கம், அல்பேனியா, எகிப்து, பலஸ்தீனம் என்று வாழ்நாளின் பெரும்பகுதி பயணத்திலேயே கழிந்தது. பறவை ஓவியர் நிலக்காட்சி ஓவியரானார்.

அவர் வேலை செய்த முறையைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். சித்திர பாடம் எடுத்த சகோதரிகளுக்கு இது சுவையாக இருக்கும்.

இடத்தைத் தெரிந்தவுடன் கீழே அமர்வார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சிறிய தொலைநோக்கி ஒன்றினால் காட்சியைச் சில நிமிடங்கள் பார்த்துக்கொண்டேயிருப்பார். பின்பு அதை வைத்துவிட்டு, கண்ணாடியை அணிந்து, பென்சிலால் மிக வேகமாகக் கீறுவார். வர்ணம் பூச அங்கே நேரம் இல்லை. ஆகவே எந்த இடத்தில் என்ன நிறம், எது மணல், எது பாறை, எங்கே நிழல் என்பதைப் படத்தின் மேலேயே எழுத்தில் குறிப்பார். இடத்தின் பெயர், திகதி, மணி, தொடர் இலக்கம் எல்லாம் ஓர் ஓரத்தில் இருக்கும். நாம் நோயாளியின் கட்டில் சீட்டில் நேரமிட்டு எழுதுவது போன்ற ஒழுங்கு அது.

மாலையிலோ, சில வேளை மாதங்கள் கழிந்தோ, அந்தப் பென்சில் கோடுகளின்மேல் பேனாவால் கபில நிற மையை ஓட்டுவார். மை உலர்ந்த பிறகே நீர்வர்ணம். அதுவும் தடிப்பாக அல்ல. நிறையத் தண்ணீர் கலந்து, தாளின் வெண்மை ஊடாகத் தெரியுமளவு மெல்லியதாகப் படரவிடுவார். தொலைவிலுள்ள மலைக்கு வெளிறிய நீலம், நடுநிலத்துக்கு மஞ்சளும் பச்சையும், கண் முன்னிருக்கும் நிலத்துக்குச் சற்று அழுத்தம். கோடு உருவத்தைப் பிடித்துக்கொள்ளும்; வர்ணம் காற்றையும் வெளிச்சத்தையும் கொண்டுவரும். அன்று எழுதிய குறிப்புகளை அவர் அழிக்கவில்லை. முடிந்த படத்திலும் அந்த எழுத்துகள் மையில் நின்றன.

அந்த நிலத்துக்குள் மனிதர்கள் வருகிறார்கள். ஆட்டுடன் ஓர் இடையன், நிழலில் ஒதுங்கிய இருவர், தலையில் சுமையுடன் நடக்கும் பெண்கள். எல்லாரும் சிறியவர்கள். ஆனால் அவர்களை விரலால் மறைத்துப் பாருங்கள். மலையின் உயரமும் சமவெளியின் அகலமும் உடனே குறைந்துபோகும். பார்ப்பவருக்கு அளவு சொல்லுகிறவர்கள் அவர்களே.

இதைப் படித்தபோது நம் சித்திர வகுப்புத்தான் நினைவுக்கு வந்தது. கரைவலை இழுக்கும் காட்சியைக் கீறச் சொன்னால், நாம் எல்லோரும் வலை இழுப்பவர்களைத் தென்னை மரத்தின் பாதி உயரத்துக்கு வரைந்து, கடலுக்கு ஒரு விரலளவு இடம் விடுவோம். ஒருத்தி மட்டும் வேறு விதமாகக் கீறுவாள். தாள் முழுவதும் கடலும் வானமும். கீழே ஓரத்தில் எறும்பு வரிசை போல மனிதர்கள், நடுவில் ஒரு கயிறு. அவளைப் பற்றிப் பிறகு சொல்லுவோம். இன்றைய பிள்ளைகள் அதே கரையை வரைந்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் காற்றாலைகளும் தாளுக்குள் வந்துவிடும். வலை இழுப்பவர்கள் இன்னும் சிறுத்துப்போவார்கள்.

மனித உருவம் வரையத் தமக்கு வராது என்பது லியரின் தீராத குறை. உடற்கூறு முறையாகப் படிக்கவில்லை என்ற தாழ்வு மனம் அவரை விடவில்லை. அதனால் 1850 இல், முப்பத்தேழு வயதில், மகாராணிக்கே பாடம் சொன்ன பிறகு, இலண்டன் ராயல் அக்கடமியின் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். இளைஞர்களோடு அமர்ந்து அடிப்படையிலிருந்து கீறினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, தம்மைவிடப் பதினைந்து வயது இளையவரான ஹோல்மன் ஹண்ட் என்ற ஓவியரிடம் எண்ணெய் வர்ணம் கற்றார். அவரைத் தகப்பன் முறை சொல்லியே அழைத்தார். கற்பதற்கு வெட்கப்படாத அந்தக் குணத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

இலங்கையில் லியர்

1873 நவம்பரில், அறுபத்தொரு வயதில், லியர் பம்பாய்த் துறையில் இறங்கினார். இந்தியாவின் இராஜப்பிரதிநிதியாக இருந்த நோர்த்புரூக் பிரபு அவரது நண்பர். அழைப்பும் உதவியும் அவருடையவை. ஓராண்டுக்கு மேல் இந்தியாவை வலம்வந்தார். டார்ஜிலிங்கில் இருந்து கஞ்சன்ஜங்காவை வரைந்தார். 1874 இல் தென்னாட்டுக்கு வந்து சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய இடங்களைக் கண்டார். அவ்வாண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்தார். அவரது வழி தெற்கும் மலைநாடுமாக இருந்தது. காலி, கொழும்பு, கண்டி, இரத்தினபுரி ஆகியவை அதில் அடங்கும்.

அவருடன் வந்தவர் ஜோர்ஜியோ கொக்காலி. கோர்பு தீவைச் சேர்ந்த இவர் 1856 முதல் லியரின் பணியாளர். சமைப்பார், பெட்டி சுமப்பார், வரையும்போது குடை பிடிப்பார். லியர் அவருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். எசமான், வேலைக்காரன் என்ற கோடு பல இடங்களில் அழிந்துபோன உறவு அது.

இலங்கையில் ஜோர்ஜியோவுக்குக் கடுமையான வயிற்றுளைவு கண்டது. இன்று சேலைனும் மருந்தும் கொடுத்துச் சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அன்று அது உயிர்க்கொல்லி. வரைவதற்கென்று இவ்வளவு தூரம் வந்தவர், சித்திரத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பணியாளரின் கட்டிலருகே கவலையுடன் இருந்தார். ஜோர்ஜியோ பிழைத்தார். ஆனால் இலங்கையின் அழகை ஆர அமர வரையும் மனம் லியருக்கு அதன்பின் இருக்கவில்லை. நம் நாட்டைப் பற்றி அவர் விட்டுச்சென்ற படங்கள் குறைவாக இருப்பதற்கு ஒரு நோயாளியே காரணம். வைத்தியர் என்ற முறையில் இதைக் குறையாக எண்ண நம்மால் முடியவில்லை.

1875 ஜனவரியில் இருவரும் பம்பாயிலிருந்து கப்பலேறினர். நூற்றுக்கணக்கான படங்கள் அவர்களுடன் சென்றன. அவற்றுள் பெரும்பகுதி இன்று அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

மறைத்த நோய்

இத்தாலியின் சான் ரெமோவில் வீடு கட்டி லியர் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார். திருமணம் செய்யவில்லை. ஒரு பெண்ணிடம் கேட்க எண்ணி எண்ணித் தயங்கி விட்டுவிட்டார். தம் நோயும் அதற்கு ஒரு காரணமாக இருந்தது. 1883 இல் ஜோர்ஜியோ இறந்தார். இருபத்தேழு ஆண்டுத் துணை முடிந்தது. வாலறுந்த பூனை ஃபொஸ் மட்டும் மிஞ்சியது. அதுவும் 1887 இல் செத்தது. 1888 ஜனவரி 29 ஆம் திகதி லியர் காலமானார். நண்பர்கள் உலகெங்கும் இருந்தனர். ஆனால் அடக்கத்துக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. அவரது கல்லறைக்குப் பக்கத்தில் ஜோர்ஜியோவுக்கும் ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

அவர் இறந்த பின்னரே நாட்குறிப்புகளிலிருந்து நோய் வெளிப்பட்டது. வலிப்பு வந்த நாட்களில் எல்லாம் ஓரத்தில் சிறிய பெருக்கல் குறி இட்டிருந்தார். சில மாதங்களில் அக்குறிகள் வரிசையாக நிற்கின்றன. வலிப்பு வருவதற்குச் சற்று முன்னர் அவருக்கு அறிகுறி தெரியும். உடனே கூட்டத்திலிருந்து எழுந்து தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். எவரோடும் அதிக நாள் ஒரு வீட்டில் தங்காததற்கும் ஊர் ஊராக அலைந்ததற்கும் இந்த அச்சமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நோயைப் பிசாசு என்று பெயரிட்டே குறித்துவந்தார். தம் ஒழுக்கக் குறைவால் அது வருகிறதோ என்ற பயமும் அவருக்கு இருந்தது. அக்காலத்து வைத்தியர்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

வலிப்புக்குப் பயன்பட்ட முதல் மருந்தான புரோமைட்டு 1857 இல்தான் அறிவிக்கப்பட்டது. அதன் பக்கவிளைவுகளும் கடுமையானவை. இன்றும் நம் கிளினிக்குகளில் கொடுக்கப்படும் பினோபாபிட்டோன் மாத்திரையின் பயன் தெரியவந்தது 1912 இல். லியர் பிறந்து சரியாக நூறு ஆண்டுகள் கழிந்த பிறகு! உலகில் ஏறக்குறைய ஐந்து கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. முறையான சிகிச்சை பெற்றால் அவர்களுள் 70 சதவீதமானோர் வலிப்பின்றி வாழமுடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இனி அந்தச் சித்திரக்காரியைப் பற்றி.

ஆண்டு எட்டில் படிக்கும்போது ஒரு நாள் காலை அவள் வாங்கிலிருந்து சரிந்து விழுந்தாள். கைகால் உதறி, வாயில் நுரை தள்ளியது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். நாம் செய்தது என்ன? ஓடிப்போய்ச் சுவரோரம் நின்றோம். அவள் எழுந்து திரும்ப வந்து அமர்ந்தபோது அருகில் ஒருவரும் இருக்கவில்லை. மறுநாள் அவள் வந்தபோதும் வாங்கில் நாம் விட்ட இடைவெளி அப்படியே இருந்தது. இரண்டாம் முறை விழுந்த பிறகு அவள் வரவில்லை. வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்றும், கல்யாணப் பேச்சுக் கெட்டுவிடும் என்று எவரிடமும் சொல்லாமல் நூல் கட்டிப் பார்க்கிறார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டோம். அவள் குடும்பம் பின்னர் ஊரையும் விட்டுப் போயிற்று. அவளது கடற்கரைச் சித்திரம் மட்டும் வகுப்புச் சுவரில் அந்த ஆண்டு முடியும்வரை இருந்தது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்று பெரியவர்களுக்கும் தெரியாது. பிள்ளைகளாகிய நமக்கும் தெரியாது. ஆனால் அந்த வாங்கில் இடைவெளி விட்டவர்கள் நாம்தாம். அதில் இந்தக் கட்டுரையை எழுதும் கையும் அடங்கும். தொற்றாத ஒரு நோய்க்கு நாம் பயந்தோம். மாதாந்தக் கிளினிக்கில் காசில்லாமல் கிடைக்கும் ஒரு மாத்திரையால் அவள் சாதாரண தரப் பரீட்சை எழுதியிருக்கலாம், உயர்தரமும் படித்திருக்கலாம் என்பது நமக்கு இன்று தெரியும்.

இன்றும் நம் கிளினிக்குக்கு முகத்தை மறைத்துக்கொண்டு, ஊர் தாண்டி வருகிற தாய்மார் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மருந்து வேண்டும் என்கிறார்கள். ஆகவே தாய்மாராகவும் ஆசிரியைகளாகவும் இருக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். பிள்ளை வலிப்பில் விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே மெதுவான துணி ஒன்றை வையுங்கள். கைகாலை அழுத்திப் பிடிக்கவேண்டாம், வாய்க்குள் எதையும் வைக்கவேண்டாம், இரும்பு தேவையில்லை. மணியைப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்குள் நிற்காவிட்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நின்ற பின்னர் பிள்ளை தெளியும்வரை பக்கத்திலேயே இருங்கள். மருந்தை வைத்தியர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். அடுத்த நாள் அவளைப் பாடசாலைக்கு அனுப்புங்கள். அவளுக்கு அருகில் போய் இருக்கும்படி உங்கள் பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகளின் பெயர்ப்பட்டியலைச் சங்கம் புதுப்பித்து வருகிறது. பரீட்சை எழுதி வெளியேறியவர்கள்தாம் பழைய மாணவிகள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆண்டு எட்டில் நின்றவளும், கல்யாணத்துக்காக நிறுத்தப்பட்டவளும், 1990 இல் வடக்கிலிருந்து அகதியாக வந்து ஓராண்டு மட்டும் நம்மோடு வாங்கில் இருந்தவளும் பழைய மாணவிகளே. அவர்கள் பெயர்களையும் தேடிச் சேர்க்குமாறு சங்கத்தினரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இந்த மலர் எந்த ஊரிலாவது அந்தத் தோழியின் கையில் கிடைத்தால், அவள் நமக்கு எழுதவேண்டும். மன்னிப்புக் கேட்க இருக்கிறது. அந்தக் கடற்கரையை இப்போதும் கீறுகிறாளா என்று கேட்கவும் இருக்கிறது.

நூறு ஆண்டுகளாகப் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து நம்மை உலகெங்கும் அனுப்பிவைத்த நமது பாடசாலை இன்னும் பல நூறாண்டுகள் வாழ்க! எந்தப் பிள்ளையின் அருகிலும் வாங்கு வெறுமையாக இராத வகுப்பறைகள் அங்கே நிறைக!